குடைப் பாட்டும் நான்காம் மைக்கும்

கூலிம்
10.8.2025, ஞாயிறு, காலை மணி 6.40. நீ என்னை பிளாக் செய்து எட்டு நாள். போய்ச் சேராமல் நிற்கும் மெசேஜ் முப்பத்தொன்று.

ஃபெலிசியா,

"ஏதாவது சொல்லணும்னா பேப்பர்ல எழுதி அனுப்பு. அனுப்பிட்டு அழிக்கிற வேலையெல்லாம் இனிமே நடக்காது." உன் கடைசி மெசேஜ் இது. சரி, பேப்பரிலேயே எழுதுகிறேன். பாலிடெக்னிக்கை விட்டு வந்தபிறகு நான் கையால் எழுதுவது மெஷின் ரிப்போர்ட் மட்டும்தான். எழுத்து புரியாவிட்டால் உன் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டு.

ரிப்போர்ட் மாதிரிதான் எனக்கு எழுத வரும். இடம்: சுங்கை பட்டாணி மண்டபம். நாள்: ஆகஸ்ட் 2, சனி. நிகழ்ச்சி: 'மாப்பிள்ளை ஏறிய பஸ்' படத்தை நளினி அக்கா மேடைக்குக் கொண்டுவந்த நாடகம். கோளாறு: இரண்டாம் பாதியில், குடைப் பாட்டில், கதாநாயகன் பிரெடியின் மைக், அதாவது நான்காம் நம்பர், வேலை செய்யவில்லை. எவ்வளவு நேரம்: மூன்று நிமிடம் நாற்பது வினாடி. காரணம்: பேட்டரி. பேட்டரி போடுவது, மைக்கை உங்கள் உடுப்பில் மாட்டுவது எல்லாம் தையல் பார்க்கும் உமாராணி அக்கா. அன்றே நளினி அக்காவிடம் சொல்லிவிட்டேன். ரிப்போர்ட் முடிந்தது.

இதில் என்மேல் என்ன கோபம்? நானூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எங்கள் கம்பெனி கேண்டீனில்கூட அந்த வீடியோதான் ஓடுகிறது. பாட்டு முடியும்வரை நீ அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கதாநாயகன், நீ கதாநாயகி. நான் மண்டபத்தின் கடைசியில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சவுண்டுக்காரன். எனக்கு என்ன வந்தது.

வேலையைப் பேசுவோம். செப்டம்பர் 14 அன்று நிச்சயம் பேச உங்கள் வீட்டுக்கு வருகிறோம். தட்டு ஏழா ஒன்பதா என்று அம்மா கேட்கிறாள். பதில் எழுது. வெள்ளிக்கிழமை வார லீவு, போஸ்ட் ஆபிஸ் திறக்காது, அதற்கு முன்னால் போட்டுவிடு.

புவனேசன்


கோலா கெத்தில்
13.8.2025

புவன்,

ரிப்போர்ட் கிடைத்தது. உன் எழுத்து பிள்ளைகளுக்கும் புரியவில்லை. அதில் ஒன்றை விட்டுவிட்டாய்.

நான் பிரெடியைக் கட்டிப்பிடித்து நின்றபோது என் முகம் அவன் தோளுக்கு மேல் இருந்தது. கண் கீழே போனால் அவன் இடுப்பு, இடுப்பில் மைக் பெட்டி, பெட்டியில் ஒரு சின்ன விளக்கு. ஜூன் மாதம் பீசாங் கோரேங் கடையில் வாழைப்பழப் பஜ்ஜி தின்றுகொண்டே எனக்கு நீ சொல்லிக்கொடுத்த முதல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? "பச்சை எரிஞ்சா உயிர் இருக்கு. சிவப்பு எரிஞ்சா போயிடுச்சு. மத்தது உனக்கு வேணாம்."

பச்சை எரிந்தது, புவன். நான் கட்டிப்பிடித்ததிலிருந்து பாட்டு முடியும்வரை எரிந்தது. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் நான் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து பாலிங் ஊரில் போடும் ஷோவுக்கு உமாராணி அக்கா வேண்டாம் என்று நளினி அக்கா சொல்லிவிட்டார். பழைய பேட்டரி போட்டு மானத்தை வாங்கிவிட்டாராம். உனக்குத் தெரியுமா, தெரியாதா?

தட்டை அப்புறம் எண்ணலாம். முதலில் பச்சைக்குப் பதில் எழுது.

ஃபெலிசியா


கூலிம், கம்பெனி கேண்டீன்
17.8.2025, ஞாயிறு, மதியம் 1.10

ஃபெலிசியா,

பச்சைதான். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. மிக்சரில் நான்காம் பட்டனை அமுக்கி அவன் மைக்கை மூடியது நான். போதுமா?

ஆனால் முழுக்கக் கேள். ஒரே குடைக்குள் இரண்டு பேர் நின்று பாடினால் ஒருவர் குரல் இரண்டு மைக்கிலும் விழும். தகர டின்னுக்குள் பேசுவது மாதிரி கேட்கும். அதனால் ஒன்றை மூடித்தான் ஆகவேண்டும். ஒத்திகையில் உன்னுடையதை மூடுவேன். அன்று அவனுடையதை மூடினேன். இதுவரை தப்பில்லை. குடையை விட்டு வெளியே போய் அவன் தனியாகப் பாடும்போது திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. விரல் பட்டன்மேல்தான் இருந்தது. அமுக்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். எண்ணிச் சொல்கிறேன்.

அன்று மேடையில் அவனை 'மாமா' என்று பதினொரு தடவை கூப்பிட்டாய். நளினி அக்கா எழுதிக் கொடுத்ததில் ஏழுதான் இருக்கிறது, நான் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். மிச்சம் நாலு உன் சொந்தச் சரக்கு. என்னை இரண்டு வருடம் நாலு மாதத்தில் ஒரு தடவை கூப்பிட்டிருப்பாயா?

படத்தில் இந்தப் பாட்டு எப்படி இருக்கும்? பாலிங் கல்யாணத்துக்குப் போகவேண்டிய மாப்பிள்ளை பஸ்ஸில் தூங்கிப்போய் தஞ்சோங் டாவாயில் இறங்கி, கருவாடு விற்கிறவளைப் பார்த்து மயங்குகிறான். அவன் படகுத்துறையில் நின்று வாயசைப்பான். அவள் கருவாட்டுக் கடையில் நின்று வாயசைப்பாள். நடுவில் ஆறு ஓடும். அதுதான் ஒழுங்கான காதல் பாட்டு. மேடையில் ஆறு ஓடவிட முடியாது என்று நளினி அக்கா இரண்டு பேரையும் ஒரு குடைக்குள் தள்ளிவிட்டார்.

ஒத்திகைக்கு உன் அம்மா மீன் கட்லட் கொண்டுவந்தார். அவனுக்கு, "பிரெடி, சூடா இருக்கு, சாப்புடுய்யா." எனக்கு, "தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா?" கேள்வி மட்டும். கட்லட் வரவில்லை. அவன் உங்கள் கோயில் பாட்டுக் குழு, உங்கள் கோயில் பெஞ்சு, சின்ன வயதிலிருந்து பழக்கம். எனக்குக் கணக்கு போடத் தெரியாதா?

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். இடைவேளையில் அவன், "உங்க ஆளு வச்ச கண்ணு வாங்காம பாக்குறாரே, அவரு சவுண்டா, செக்யூரிட்டியா?" என்று கேட்டான். நீ சிரித்தாய். வாயைப் பொத்தாமல், மூச்சு வாங்க, முக்கால் நிமிடம் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்ததே இல்லை. என்னை வைத்தே சிரித்து அதை அவனுக்குக் கொடுத்தாய். பதினெட்டு நிமிடம் கழித்து குடைப் பாட்டு.

உமாராணி அக்கா விஷயம் எனக்குத் தெரியாது. பார்க்கிறேன். முதலில் நீ சொல். அவனை உனக்குப் பிடித்திருக்கிறதா? ஆமாம் அல்லது இல்லை. ஒரு சொல் எழுத நாலு நாள் எடுக்காதே.

புவனேசன்


கோலா கெத்தில்
20.8.2025

புவன்,

இல்லை.

ஒரு சொல் கேட்டாய், கொடுத்துவிட்டேன். இனி என் முறை. நான் ஒரு சொல்லில் முடிக்கப் போவதில்லை.

நீ அவன் மைக்கை மூடிவிட்டாய். அவன் குடையை விட்டு வெளியே போய் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. முன்வரிசையில் ஒரு பிள்ளை, "அம்மா, அந்த அங்கிள் ஏன் மீன் மாதிரி வாய் மட்டும் அசைக்கிறாரு?" என்று கேட்டது மேடைவரை கேட்டது. என்னிடம் இருந்தது என் மைக் ஒன்றுதான். மைக்குக்கு ஆள் தெரியாது, பக்கத்தில் யார் வாய் இருக்கிறதோ அதைத்தான் எடுக்கும் என்று சொல்லிக் கொடுத்தது யார்? ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டி, என் காலரை அவன் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு நின்றேன். பட்டனைத் திறந்திருந்தால் அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் உன் ஆறு ஓடியிருக்கும். கட்டிப்பிடிக்க வைத்தது நீதான்லா.

அவன் கழுத்து முழுக்கக் கோடாலித் தைலம். மேடை பயத்தில் தலைவலியாம். காதல் வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அதைப் பார்த்துவிட்டு நளினி அக்கா, "என்னா ஒரு நேச்சுரல்மா, கண்ணெல்லாம் கலங்கிடுச்சு! பாலிங்லயும் அப்படியே வச்சிருவோம்" என்கிறார். வாழ்த்துகள். அந்தக் காட்சியை உண்டாக்கியது நீ.

நாலு 'மாமா'வும் அவன் வரியை மறந்து முழித்த நாலு இடம். ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டு நிறுத்தி, வரியை எடுத்துக் கொடுத்தேன். தாளைப் புரட்டியவன் அதையும் பார்த்திருக்கலாம்.

கட்லட் விஷயத்தை அம்மாவிடம் கேட்டேன். "அந்தத் தம்பி மீன் சாப்பிடுமோ என்னமோ, விரதம் கிரதம் இருந்தா? மூஞ்சியப் பாத்தா கேக்கவே பயமா இருக்குடி" என்றார்.

சிரித்தேன், உண்மைதான். சிரிப்பு வந்தது, இதை எழுதும்போதும் வருகிறது. அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். உன்னிடம் நான் ஏன் அப்படிச் சிரிப்பதில்லை தெரியுமா? வாயைத் திறந்ததும், "எதுக்குச் சிரிக்கிற?" என்று கேட்பாய். காரணம் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு போய்விடும்.

இப்போது முக்கியமான விஷயம். சவுண்டா செக்யூரிட்டியா என்று பிரெடி கேட்டது மேடைக்குப் பின்னால், பலகை பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில். அங்கே அவனும் நானும் மட்டும். நீ மண்டபத்தின் அந்தக் கோடியில். நான் யாரிடமும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. பிறகு உனக்கு எப்படித் தெரியும்? முக்கால் நிமிடம் என்று எப்படி எண்ணினாய்?

எந்த மைக்கை வேண்டுமானாலும் ஹெட்போனில் தனியாகக் கேட்க ஒரு பட்டன் இருக்கிறது, டெஸ்ட் பண்ணுவதற்கு என்று ஒரு நாள் சொன்னாய். அந்த மைக்கை மூன்று மணி நேரம் உடுப்புக்குள் வைத்திருக்கிறேன், புவன். அதோடு டாய்லெட்டுக்குப் போகிறேன், அம்மாவோடு சண்டை போடுகிறேன், ஜெபம் பண்ணுகிறேன். ஒரு பெண்ணின் உடுப்பில் மைக்கை மாட்டிவிட்டு அவளுக்குத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பதற்கு உங்கள் பாலிடெக்னிக்கில் என்ன பெயர்?

நேற்று உமாராணி அக்கா வீட்டுக்குப் போனேன். பிரெடி பெட்டியிலிருந்து கழற்றிய பேட்டரி இரண்டையும் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். "புதுசுதாம்மா போட்டேன், நானேதான் உறையப் பிரிச்சேன். கடைக்காரன் பழசக் குடுத்துட்டானோ என்னமோ" என்கிறார். கையுறை கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் குவாலிட்டி பார்த்தவர். அங்கே ஒருத்தரும் அவரைக் கவனமில்லாதவர் என்று சொன்னதில்லை. நீ ஒரு பொய்யில் ஆக்கிவிட்டாய். அதற்கு நீ எழுதிய பதில், 'பார்க்கிறேன்.' எனக்கு அதுதான் மிகவும் வலித்தது.

30ஆம் தேதி சனிக்கிழமை, மாலை 4 மணிக்கு ஒத்திகை. 6ஆம் தேதி பாலிங். 14ஆம் தேதி உன் வீட்டார் வருவதா வேண்டாமா என்று நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் பேட்டரி என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார். எத்தனை தடவை கேட்டாய், என்னென்ன கேட்டாய், எல்லாவற்றையும் எழுது. படித்துவிட்டுத்தான் முடிவு செய்வேன். பேப்பரில் அழிக்க முடியாது, ஞாபகம் வை.

ஃபெலிசியா


கூலிம்
24.8.2025, ஞாயிறு, காலை மணி 5.50. உனக்குத் தெரியாமல் உன் மைக்கை நான் கேட்டது மூன்று தடவை.

ஃபெலிசியா,

முதல் தடவை ஜூலை 19, ஒத்திகையில். அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். அம்மா பேசியது எனக்குக் கேட்கவில்லை. நீ சொன்னது மட்டும் கேட்டது. "அவரு மெஷினப் பாக்குற ஆளும்மா. மனுசங்களப் பாக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும்." அதோடு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டவன் மறுபடி கேட்டிருக்கக் கூடாது.

இரண்டாவது, ஆகஸ்ட் 2, இடைவேளையில். அந்தச் சிரிப்பு. அதை எழுதிவிட்டேன்.

மூன்றாவது, அதற்கு ஆறு நிமிடம் கழித்து. இதை எழுதாமல் ஏமாற்றிவிடலாம் என்று நேற்று முழுக்க யோசித்தேன். நீ தனியாக நின்று ஜெபம் பண்ணினாய். அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லையும் நான் மறக்கவில்லை.

"ஆண்டவரே, பிரெடி வரிய மறக்கக் கூடாது. பஸ்ஸு சக்கரம் கழண்டு விழக் கூடாது. புவன் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல, வயித்து வலி வந்துரும். அவரு கோவத்த நீங்க எடுத்துக்குங்க. அவர எனக்கு விட்டுருங்க."

இதைக் கேட்டு பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் நான்காம் பட்டனை அமுக்கினேன். கேட்பதற்கு முன்னால் இல்லை, கேட்ட பிறகு. சிரிப்பு அவனுக்குப் போனது, ஜெபம் எனக்கு வந்தது. எனக்கு அந்தச் சிரிப்புதான் வேண்டியிருந்தது. கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அடுத்தவன் கையைப் பார்த்தேன். எங்கள் பாலிடெக்னிக்கில் இதற்குப் பெயர் சொல்லித் தரவில்லை. நீ வைக்கிற பெயர் எதுவோ அதை வாங்கிக்கொள்கிறேன்.

உமாராணி அக்கா விஷயத்தில் 'தெரியாது' என்று எழுதினேன். அதுவும் பொய். நளினி அக்கா அவரைத் திட்டியபோது நான் பக்கத்தில் நின்று ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். உமாராணி அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் ஒயரைப் பார்த்தேன்.

பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. அவன் பாடினால் ஊரே திரும்பிப் பார்க்கிறது, நான் பாடினால் நாய் எழுந்து போகும். ஆனால் இனி அது என்னோடு இருக்கும். உன் உடுப்புக்குள் வராது, பட்டனுக்கும் வராது.

நேரில் பேசினால் மறுபடி வாதம் பண்ணுவேன். அதனால் இனி செய்யப்போவதை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. இன்று வேலை முடிந்து, மாலை 4 மணிக்கு உமாராணி அக்கா வீட்டுக்குப் போவேன். டின்னில் இருக்கும் இரண்டு பேட்டரியையும் அவர் கண்முன்னால் மீட்டரில் வைத்து, முக்கால்வாசி உயிர் இன்னும் இருக்கிறது என்று காட்டுவேன். பிறகு, அமுக்கியது நான் என்று சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன்.

2. 30ஆம் தேதி ஒத்திகையில் நளினி அக்கா, பிரெடி, உன் அம்மா எல்லார் முன்னாலும் இதையே சொல்வேன். மைக் இல்லாமல், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி. உமாராணி அக்கா திரும்பி வந்தால்தான் மிக்சரைத் தொடுவேன். எனக்குப் பதில் வேறு ஆள் போட்டால் குறிப்பு முழுக்க அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

3. உன் மைக் பெட்டியின் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. வேண்டுமென்றே உனக்குக் காட்டாமல் வைத்திருந்தேன். மேடையை விட்டு இறங்கியதும் அதை நீயே அணைத்துக்கொள். சிவப்பும் இல்லை பச்சையும் இல்லை என்றால் ஒருத்தருக்கும் கேட்காது, எனக்கும் கேட்காது.

4. பாலிங்கில் மிக்சர் என் கையில் இருந்தால், குடைக்குள் உன் மைக்கை மூடி, அவனுடையதைத் திறந்து வைப்பேன். கட்டிப்பிடிப்பது வேண்டும் என்று நளினி அக்கா சொன்னால் இருக்கட்டும். மூன்று நிமிடம் நாற்பது வினாடியும் தலையைக் குனியாமல் பார்ப்பேன். தைலத்தை மட்டும் கழுவிவிட்டு வரச்சொல்லி அவனிடம் நானே கேட்கிறேன்.

5. தட்டு எண்ண வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எண்ணிக்கையை நீ எழுது. ஒன்றுமே வேண்டாம் என்று எழுதினாலும் மறுபடி மெசேஜ் அனுப்பித் தொந்தரவு பண்ண மாட்டேன்.

6. நீ சிரித்தால் எதற்கு என்று கேட்க மாட்டேன்.

7. 30ஆம் தேதி காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன்.